கிரெடிபிலிட்டி: நம்பகத்தன்மையா, உண்மைத்தன்மையா?

அகதிக் கோரிக்கை விசாரணை பற்றிய தமிழாக்கங்களில் 'கிரெடிபிலிட்டி', அதாவது ஒருவர் சொல்வதை எந்தளவு நம்பலாம் என்பது, வருகிற இடத்தில் 'உண்மைத்தன்மை' என்று போட்டுவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன், நம்புதல் என்ற பொருளுள்ள வினை. நம் 'நம்பு' அதற்குச் சளைத்ததல்ல. தொல்காப்பிய உரியியலில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என வருகிறது. அன்று விருப்பம், இன்று நம்பிக்கை. அதிலிருந்து வந்தது நம்பகத்தன்மை.

கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளத்தின் 'விஸ்வாஸ்யத'யைப் பார்த்து 'விசுவாசத்தன்மை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. மலையாளத்தில் விஸ்வாசம் என்றால் நம்பிக்கை. தமிழில் அது எசமானிடம் காட்டுவது, இல்லாவிட்டால் தேவாலயத்தில் கேட்பது. சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

உண்மைத்தன்மைக்காரர்கள்தான் திருந்துவதில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அரசு வேலையில் சேர்ந்தவரின் மதிப்பெண் சான்றிதழ் போலியா, அசலா என்று சரிபார்ப்பதைத்தான் உண்மைத்தன்மை அறிதல் என்கிறோம். அது காகிதத்துக்குரியது. நம்பகத்தன்மை ஆள் சொல்வதற்குரியது. அகதி விசாரணையில் இரண்டும் ஒரே மேசைக்கு வரும். போலி பாஸ்போர்ட்டில் தப்பி வந்தவரின் வாக்குமூலம் முழுக்க நம்பத்தக்கதாக இருக்கலாம். உயிருக்குத் தப்பி நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் விவரம் சொன்னவரைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்வதே இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாஸ்போர்ட்டின் குற்றம் ஆளின் தலையில் ஏறும்.

முடிவெடுப்பவர் சம்பவ இடத்தில் இருந்தவர் அல்ல. அவருக்குத் தரப்படும் பயிற்சியும் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. பேச்சு முன்னுக்குப் பின் ஒத்துப்போகிறதா, அந்த நாட்டு நிலவரத்தோடு பொருந்துகிறதா, அடிபட்டு வந்தவர் தேதியை மாற்றிச் சொன்னால் அது பொய்யா, மனக்காயமா என்று பார்க்கச் சொல்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 1979 கையேடு, சந்தேகம் மிஞ்சினால் அதைக் கோரிக்கையாளருக்குச் சாதகமாகக் கொள்ளவும் இடம் தருகிறது. கனடாவில் சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை, உண்மை என்றே கொள்ள வேண்டும் என்பது 1979 தீர்ப்பு ஒன்றிலிருந்து வருகிற விதி. நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால் நேரில் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று 1985இல் சிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொன்னது. இங்கெல்லாம் 'உண்மைத்தன்மை' என்று எழுதிப் பாருங்கள், ஆதாரத்தோடு நிரூபி என்று கேட்பது போலாகிவிடும்.

தீர்ப்பில்தான் கொடுமை. 'கிரெடிபிலிட்டி நிறுவப்படவில்லை' என்றால், சொன்னதை நம்பப் போதிய அடிப்படை கிடைக்கவில்லை என்று அர்த்தம். 'உண்மைத்தன்மை இல்லை' என்று படிக்கிறவருக்கோ, தன்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டார்கள் என்றுதான் படும். மேல்முறையீட்டில் எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாமல் போகும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். அப்புறம் அதுவே கலைச்சொல்லாகிவிடுகிறது. ஆவணத்துக்கு உண்மைத்தன்மை, வாக்குமூலத்துக்கு நம்பகத்தன்மை, தீர்ப்பில் 'நம்பகத்தன்மை நிறுவப்படவில்லை' என்று எழுதுங்கள்.