வாட்சில் வரும் ஈசிஜி மாரடைப்பைக் காட்டாது

ஓடுவதற்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது: "டாக்டர், ஈசிஜி இருக்கிற மாடலா பார்த்து வாங்கட்டுமா?"

போன வாரம் வந்தவர் அப்படிப் பார்த்து வாங்கியவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். காலையில் ஓடும்போது நெஞ்சை அழுத்தியிருக்கிறது. வாட்சில் விரலை வைத்திருக்கிறார். "சைனஸ் ரிதம்" என்று வந்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். எங்களிடம் வந்தபோது சாயங்காலம். இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான்.

இனி ஒருவரும் இப்படி வரக் கூடாது. வாட்ச் எடுப்பது ஒரே ஒரு லீட், அதாவது இதயத்தின் மின்சாரத்தை ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்ப்பது. துடிப்பின் ஒழுங்கு தவறுகிறதா, முக்கியமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அது. "சைனஸ் ரிதம்" என்றால் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போதும் பெரும்பாலானவர்களுக்கு ரிதம் அப்படித்தான் இருக்கும். மாரடைப்பை இது பார்ப்பதில்லை என்று ஆப்பிள் வாட்சின் ஈசிஜி செயலியே சொல்கிறது; யாரும் படிப்பதில்லை. நாங்கள் 12 லீட் எடுத்தும் சிலருக்கு முதல் ஈசிஜியில் தெரியாது. மறுபடி எடுத்து, இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்துதான் முடிவு சொல்கிறோம். வாட்ச் லட்ச ரூபாயானாலும் இது மாறாது.

வாங்கும்போது ஓட்டத்துக்கு உதவுவதைப் பாருங்கள். உயரமான கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஓடுபவருக்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் மாடல் நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நாள் கணக்கு ஜிபிஎஸ் ஓடாதபோது. ஜிபிஎஸ் போட்டால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வியர்த்த விரலுக்குத் தொடுதிரையைவிடப் பட்டன் மேல். நெஞ்சில் கட்டி நாடித்துடிப்பை அளக்கும் பட்டையை இணைக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மணிக்கட்டில் வாட்ச் தளர்ந்திருந்தால் நிமிடத்துக்கு நீங்கள் வைக்கும் காலடி எண்ணிக்கையையே நாடித்துடிப்பாகக் காட்டிவிடும். 175 என்று பார்த்துப் பதறி ஓடி வருபவர்களும் உண்டு.

சர்க்கரை, பிபி, புகைப்பழக்கம், குடும்பத்தில் சிறுவயது மாரடைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் நின்றுவிடுங்கள். வாட்சைப் பார்க்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். தயவுசெய்து வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.