நடுக்கோடு இல்லாத சாலைகள்

"அண்ணை, கார் வராத ரோட்டாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ."

பாரிஸ் புறநகரிலிருந்து சனி, ஞாயிறுக்கு சைக்கிள் ஓட்ட வரும் நம்மவர்கள் போனில் முதலில் சொல்வது இதுதான். நான் பிறந்தது புதுச்சேரி. பிழைப்பு பிரான்சின் பர்கண்டியில், யோன் ஆற்றை ஒட்டிய கிராமங்களில், சைக்கிள் வழிகாட்டியாக. பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஓசேர். இறங்கி அரை மணி நேரம் மிதித்தால் கோதுமை வயலும் தேவாலயக் கோபுரமும் காக்காய்ச் சத்தமும்தான். அங்கே கார் வராதா என்றால், வரும். மணிக்கு ஒன்றோ இரண்டோ. எனக்குப் பயமே அந்த ஒன்றிரண்டின் மேல்தான்.

முதலில் வழி தேர்ந்தெடுக்கும் விஷயம். பிரான்சில் 'டி' என்று தொடங்கும் எண் இருந்தால் அது தெபார்த்மான் சாலை, அதாவது மாவட்டச் சாலை. 'டி என்றால் கிராமத்து ரோடு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2006-ல் அரசு தன் பொறுப்பிலிருந்த தேசிய நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதியை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. பெயர்ப்பலகை மாறியது, லாரி மாறவில்லை. பாரிஸிலிருந்து லியோன் பக்கம் போகும் பழைய 'என் 6' நெடுஞ்சாலை எங்கள் யோன் மாவட்டத்தில் இப்போது 'டி 606'. தெற்கே சோன்-எ-லுவார் மாவட்டத்தில் அதுவே 'டி 906'. ஆகவே 'டி'க்குப் பின்னால் 600, 900 என்று பெரிய எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒருமுறை ஒரு தம்பி டி 606-ல் தனியாக வந்து சேர்ந்தார். "டி தானே அண்ணை எண்டு வந்தனான்" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

எண்ணைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: சாலையின் நடுவில் வெள்ளைக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பது. சின்னச் சாலைகளுக்கு நடுக்கோடு போடுவதில்லை. வீட்டிலிருந்தே கூகுள் தெருக்காட்சியில் இரண்டு, மூன்று இடங்களைத் திறந்து பார்த்துவிடலாம். கோடு இல்லை, ஓரத்தில் புல் தார்மேல் ஏறி நிற்கிறது என்றால் அதுதான் நமக்கான சாலை. செயலி போட்டுத் தரும் வழியை அப்படியே நம்ப வேண்டாம். அது நம்மை உழவர் டிராக்டர் போகும் மண் பாதையிலும் கொண்டுபோய் விடும். காகிதப் பிரியர்களுக்கு மிஷெலின் வரைபடம் இன்னும் நல்ல துணை. அதில் வெள்ளைச் சாலைகளைத் தேடுங்கள். பச்சை ஓரம் இருந்தால் காட்சி நன்றாக இருக்கும். சாலைமேல் சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தால் ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல், இரண்டு இருந்தால் 9-க்கு மேல், மூன்று இருந்தால் 13-க்கு மேல். மூன்று அம்பைப் பார்த்தால் நானே இறங்கித் தள்ளுவேன், வெட்கமில்லை.

சரி, அமைதியான சாலை கிடைத்துவிட்டது. அதற்கு மேல்தான் என் கதை.

ஒரு ஜூன் மாதம், ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து வீடுகள் மட்டுமே உள்ள குக்கிராமம். நாற்பது முறையாவது அந்த வழியாகப் போயிருப்பேன். அங்கே ஒரு வண்டியைக்கூட எதிர்கொண்டதில்லை. வலப்பக்கம், கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு சந்து. அதிலிருந்து ஒரு பெரியவர் வெள்ளை வேனை ஓட்டிக்கொண்டு இடமும் வலமும் பார்க்காமல் நேரே வெளியே வந்தார். எனக்குப் பின்னால் வந்த பெண் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. சட்டப்படி அவர் செய்தது சரி. பிரான்சில் நிறுத்தப் பலகையோ, வழிவிடு பலகையோ, வேறு எந்தக் குறியோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு சின்னது, நாம் போகும் சாலை எவ்வளவு பெரியது என்பது கணக்கில் வராது. பண்ணை வாசலிலிருந்தோ மண் பாதையிலிருந்தோ வருபவருக்கு மட்டும் இந்த உரிமை கிடையாது. அந்தச் சந்து தார் போட்ட பொதுச் சாலை. கிராமத்துப் பெரியவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகிய விதி என்பதால், 'எனக்கு உரிமை' என்று தலையைக்கூடத் திருப்பாமல் வந்துவிடுவார்கள். நான்தான் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். நாற்பது முறை ஒன்றும் நடக்காததே என்னை மந்தமாக்கிவிட்டது. பெரியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் சந்து முனையில் சைக்கிள் எப்போது வந்தது!

ஆகவே ஊருக்குள் நுழையும்போது கண்ணில் இரண்டு விஷயம் பட வேண்டும். சிவப்பு விளிம்புள்ள வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் இருந்தால், வேறு பலகை இல்லாவிட்டாலும் அங்கிருந்து வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அடுத்து, மஞ்சள் சாய்சதுரப் பலகை. அது இருந்தால் நம் சாலைக்கே முன்னுரிமை. அதன் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்தால் அந்த முன்னுரிமை முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு வலச் சந்திலும் விரல் பிரேக்கின்மேல் இருக்கட்டும். சைக்கிளுக்கு வழி விடுவார்கள் என்று எண்ணி மட்டும் ஓட்டாதீர்கள்.

ஊருக்கு வெளியே கார் எவ்வளவு வேகம் வரலாம்? 2018 ஜூலையிலிருந்து, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 80 தான் பொது வரம்பு. பின்னர் சில மாவட்டங்கள் தங்கள் சாலைகளில் மறுபடி 90 ஆக்கிக்கொண்டன. ஒற்றை வண்டி அகலமே உள்ள சாலைக்கும் பல இடங்களில் இதே வரம்புதான். நம்மை முந்தும் வண்டி ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் ஊருக்குள் ஒரு மீட்டரும் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானோர் மதிக்கிறார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும். பிரச்சினை பார்வை மறையும் இடங்களில்தான். ஜூலை பாதிக்கு மேல் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும். வசந்தத்தில் அரைக் கிலோமீட்டர் தெரிந்த அதே வளைவில் ஆகஸ்டில் அடுத்த இருபது மீட்டர்தான் தெரியும். போன மாதம் ஓட்டிய சாலை என்ற தைரியம் அங்கே உதவாது.

நேரமும் முக்கியம். காலை ஏழரையிலிருந்து எட்டரை வரையும், மாலை ஐந்துக்கு மேலும் வேலைக்குப் போய் வருபவர்கள் இந்தச் சின்னச் சாலைகளையே குறுக்குவழியாக்கிக்கொள்கிறார்கள். நான் ஒன்பதுக்குக் கிளப்பி நாலரைக்குள் இறக்கிவிடுகிறேன்.

கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. தாரைத் தெளித்து அதன்மேல் பொடிக்கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிகள் ஓடி ஓடித்தான் அது படியும். 'கிராவியோன்' என்று பலகை இருந்தால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவில் பிரேக் போடாதீர்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைப் பருவம். காட்டோரச் சாலையில் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் நான் வழியை மாற்றிவிடுவேன். மாற்ற முடியாவிட்டால் எல்லோருக்கும் ஆரஞ்சுச் சட்டை.

சட்டத்தில் நம்மவர்கள் அடிக்கடி தவறும் இடம் காதுக்கருவி. 2015-லிருந்து சைக்கிளில் அதை மாட்டிக்கொண்டு போனால் 135 யூரோ அபராதம். அமைதியான சாலையில் நமக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை பின்னால் வரும் டயர்ச் சத்தம். அதையும் அடைத்துக்கொண்டால் எப்படி? 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். இருட்டிய பின்னும் பனிமூட்டத்திலும் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். மதியச் சாப்பாட்டோடு ஒயின் ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ் என்று போகிறவர்களுக்கு: லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

வயிற்றுக்கு வருவோம். நம்மூரில் கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. இங்கே முப்பது கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லாமல் போகலாம். இருக்கும் கடையும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பூட்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டு, திங்கள் பல ஊர்களில் நாள் முழுக்கப் பூட்டு. பதினொன்றரைக்குள் ரொட்டி வாங்கிவிடுங்கள். தண்ணீருக்கு நான் நம்புவது கல்லறைத் தோட்டங்களை. தேவாலயத்தை ஒட்டியோ ஊர் முனையிலோ இருக்கும். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும். குடிக்க ஆகாது என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பெரும்பாலும் ஊர்க் குழாய்த் தண்ணீர்தான். உறைபனிக் காலத்தில் அதையும் அடைத்துவிடுவார்கள். உள்ளே போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றி, சத்தம் போடாமல் போய் வாருங்கள். யாராவது உறவினர் வந்து நிற்பார்கள்.

குழந்தைகளோடு வருபவர்களை நான் சாலைக்கே கூட்டிப் போவதில்லை. மோட்டார் வண்டி நுழைய முடியாத பசுமைப் பாதைகள் இருக்கின்றன. பிரான்சின் முதல் பசுமைப் பாதை 1997-ல் இதே பர்கண்டியின் தெற்கில் திறந்ததுதான்: ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். பழைய ரயில் தடத்தின்மேல் போட்டது, அதனால் ஏற்றமே தெரியாது. க்ளூனியைத் தாண்டினால் புவா க்ளேர் என்று 1,600 மீட்டர் நீளமுள்ள ரயில் சுரங்கம். கொளுத்தும் வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். குளிர்காலம் முழுக்க வௌவால்களுக்காக அதை மூடிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் என்றால் நிவெர்னே கால்வாய்க் கரை, 174 கிலோமீட்டர். ஒரு காலத்தில் பாரிஸ் அடுப்புகளுக்கு மோர்வான் காட்டு விறகைக் கொண்டுபோவதற்காக வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. கரையில் தடுப்பு கிடையாது. தண்ணீர்ப் பக்கம் பெரியவர், உள்பக்கம் குழந்தை.

அந்த ஜூன் நாளுக்குத் திரும்புகிறேன். 112-ஐ அழைத்தபோது "எங்கே இருக்கிறீர்கள்?" என்றார்கள். வழிகாட்டியான எனக்கே அந்தக் குக்கிராமத்தின் பெயர் நாக்கில் வரவில்லை. போனில் வரைபடம் திறக்கவில்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் ஒற்றைக் கோடு. கடைசியில் சாலையோர மைல்கல்தான் காப்பாற்றியது. மாவட்டச் சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள். சாலை எண்ணும் கிலோமீட்டரும் அதில் இருக்கும். அதைப் படித்துச் சொன்னேன். வந்தது தீயணைப்பு வண்டி. கிராமங்களில் அவர்கள்தான் ஆம்புலன்ஸும், பெரும்பாலும் தன்னார்வலர்கள். இறங்கியவர்களில் ஒருவர் பக்கத்து ஊர் ரொட்டிக் கடையில் நான் வழக்கமாகப் பார்க்கும் ஆள். மணிக்கட்டைக் கட்டிக்கொண்டே கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மூலையா? எனக்குத் தெரிந்து இது மூன்றாவது."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இப்போதெல்லாம் புது வழி போடும்போது ரொட்டி வாங்கும் கடையில் அப்படியே கேட்டுவிடுகிறேன், இந்தப் பக்கம் எந்த மூலை மோசம் என்று. இதுவரை யாரும் யோசித்துப் பார்த்து பதில் சொன்னதில்லை. கேட்டவுடனே கையைக் காட்டிவிடுகிறார்கள்.