இரண்டு வேலைக்கு ஒரே உடம்பு

2012 நவம்பர் 18. அமெரிக்காவின் பாக்ஸ்பரோ நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் 59-24 என்று முடிந்தது. அது முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கையில், பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து எடுக்கும் டச் டவுனுக்குப் பிறகு உதைத்துச் சேர்க்கும் அந்த உபரிப் புள்ளிக்காகப் பேட்ரியட்ஸ் வரிசைகட்டி நின்றது. ஆட்டத்தின் முடிவு எப்போதோ தெரிந்துவிட்டது. அந்த வரிசையில் ராப் கிரான்கவுஸ்கியும் நின்றார். முந்தைய ஆண்டு 17 டச் டவுன்களுக்குப் பந்தைப் பிடித்து, தன் இடத்தில் ஆடிய எல்லோருடைய சாதனையையும் முறியடித்தவர். இப்போது அவர் பந்தைத் தொடவே வேண்டாம். எதிரே பாய்ந்து வருபவரை ஒரு நொடி மறித்தால் போதும். மறித்தார். இடது முன்கை எலும்பு முறிந்தது.

டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தார். ஜனவரியில் அதே கை மறுபடியும் முறிந்தது. அந்தக் கைக்கு மட்டும் நான்கு அறுவை சிகிச்சைகள்.

பந்து பிடிப்பதில் இவ்வளவு பெரிய ஆளை, ஒன்றுக்கும் உதவாத ஒரு புள்ளிக்காக ஏன் சுவராக நிறுத்தினார்கள் என்று அப்போது பலரும் பயிற்சியாளரைத் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிரான்கவுஸ்கி ஆடிய இடத்தின் பெயர் டைட் எண்ட். சுவராக நிற்பது அந்த வேலையில் பாதி.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் எறிந்தும் பிடிக்கலாம். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது, பந்து வைத்திருக்கும் அணியில் ஏழு பேர் பந்தை ஒட்டிய கோட்டில் நின்றாக வேண்டும். நடுவில் நிற்கும் ஐந்து பேரும் சுவர். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. இரண்டு ஓரத்தில் நிற்பவர்களுக்கு உண்டு. ஓரத்தில் நிற்பவர் சுவரை விட்டு விலகி வெகுதூரத்தில் நின்றால் வைட் ரிசீவர். சுவரோடு ஒட்டி நின்றால் டைட் எண்ட். இங்கே ‘டைட்’ என்பதற்கு ஒட்டி என்றுதான் பொருள்.

கிரிக்கெட் தெரிந்தவர்கள் உடனே ஆல்ரவுண்டர் என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொருந்தும், அவ்வளவுதான். ஆல்ரவுண்டர் ஒரு நேரம் மட்டை பிடிக்கிறார், இன்னொரு நேரம் பந்து வீசுகிறார். எப்போது எது என்பது மைதானம் முழுவதற்கும் தெரியும். டைட் எண்டின் மதிப்போ அது தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இப்போது இவர் முட்டப்போகிறாரா, ஓடிப்போய்ப் பந்து பிடிக்கப்போகிறாரா என்று எதிரணி குழம்ப வேண்டும். ஒன்றை மட்டும் நன்றாகச் செய்பவராக இருந்தால், அவர் களத்துக்குள் வந்த உடனேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே இரண்டையும் செய்யக்கூடிய ஓர் உடம்பு வேண்டும். சிக்கல் என்னவென்றால், இயற்பியல் அந்த இரண்டையும் ஒன்றாகத் தர ஒப்புக்கொள்வதில்லை.

முட்டுவதற்கு எடை வேண்டும். எதிரே நிற்பவர் சாதாரணமாக 120 கிலோவுக்கு மேல். கிரான்கவுஸ்கியும் ஏறக்குறைய 120 கிலோதான். உயரம் ஆறடி ஆறங்குலம். சரி, எடையை ஏற்றிக்கொண்டே போகலாமே? ஓட்டம் இடிக்கும். தசையின் இழுவிசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடம்பின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஓர் உடம்பை எல்லாத் திசையிலும் 10 சதவீதம் பெரிதாக்கினால் தசையின் பரப்பு 21 சதவீதம் கூடும், எடை 33 சதவீதம் கூடும். பெரிய ஆள் மொத்தமாகப் பார்த்தால் பலசாலி, ஆனால் ஒரு கிலோவுக்கு இவ்வளவு பலம் என்று பிரித்துப் பார்த்தால் சின்ன ஆளுக்குக் கீழே. நேராக ஓடுவதைவிட சட்டென்று நின்று திரும்புவதில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். புல்லுக்கும் ஆணிக்காலணிக்கும் இடையிலான பிடிப்பு எடையோடு சேர்ந்து கூடிவிடும், அதில் பெரிய குறையில்லை. அந்த எடையை நிறுத்தித் திருப்ப வேண்டிய தொடையும் முழங்காலும்தான் திணறும்.

டைட் எண்டின் உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவே பேசி முடித்த பேரம். சுவரில் நிற்பவர்களைவிடப் பல கிலோ குறைவு. தன்னைத் துரத்தும் தடுப்பாளரைவிட முப்பது கிலோ அதிகம். எங்கே போனாலும் ஏதோ ஒன்றில் பின்தங்கியவர்.

எடையில் விட்டதைக் கோணத்தில் பிடிக்கிறார்கள். தாழ்ந்தவன் ஜெயிப்பான் என்பது சுவர்க்காரர்களின் பாடம். இருவர் முட்டும்போது, இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே கையை ஊன்றி மேல்நோக்கித் தள்ளுபவருக்கு இரண்டு லாபம். எதிராளியின் எடையில் ஒரு பங்கைத் தூக்கிவிடுவதால் அவருடைய காலுக்கும் தரைக்கும் உள்ள உராய்வு குறைகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசை தன் காலைத் தரையில் இன்னும் அழுத்துவதால் தன் உராய்வு கூடுகிறது. எடையே மாறாமல் பிடிப்பு கைமாறிவிடுகிறது. ஆறரை அடி ஆள் இதற்காக எவ்வளவு குனிய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பந்து பிடிக்க வரமாக இருக்கும் உயரம், இங்கே சாபம்.

அந்த வரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கூடைப்பந்துக்காரர்கள்தான் நன்றாகக் காட்டினார்கள். டோனி கான்சாலஸ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு விளையாட்டும் ஆடியவர். 1997 முதல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் 17 பருவங்கள். அதில் தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே இரண்டு. பிடித்த பந்துகள் 1,325. அவர் ஓய்வுபெற்ற நாளில் அந்த எண்ணிக்கையில் அவருக்கு மேலே வைட் ரிசீவர் ஜெர்ரி ரைஸ் ஒருவர்தான் இருந்தார். அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் இந்தக் கால்பந்தை ஆடவே இல்லை. கென்ட் ஸ்டேட்டில் கூடைப்பந்து ஆடிவிட்டு 2003ல் நேரே சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு வந்தார். 116 டச் டவுன் பந்துகளைப் பிடித்தார். டைட் எண்டுகளில் அதுதான் உச்சம்.

கூடைப்பந்தில் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக வீரர்கள் எதிராளிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை அகட்டி நிற்பார்கள். பின்னால் இருப்பவர் எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், முன்னால் நிற்கும் உடம்பைத் தாண்டித்தான் பந்துக்கு வர முடியும். கேட்ஸ் செய்தது இதையேதான். டச் டவுன் கோட்டுக்கு அருகே ஓட இடம் இல்லாதபோது வேகத்துக்கு மதிப்பு இல்லை. பெரிய உடம்பின் நிழலில் ஒளிந்திருக்கும் பந்தை யாராலும் தட்ட முடியாது. பந்தை எறிபவர் ஆளைப் பார்த்து எறிவதில்லை, தடுப்பாளரின் கைக்கு எட்டாத பக்கத்தைப் பார்த்து எறிகிறார்.

பந்தைப் பிடிப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பந்தின் எடை 400 கிராமுக்குச் சற்று மேல். நல்ல எறிதலில் நொடிக்கு 24 மீட்டர் வேகம். 15 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் 0.6 நொடியில் வந்துவிடும், அதில் மூளை பார்த்துப் புரிந்துகொள்ளவே 0.2 நொடி போய்விடும். விறைத்த கையில் பட்டு 0.02 நொடிக்குள் நின்றால் கையின் மேல் ஏறக்குறைய 500 நியூட்டன் விசை. கையைப் பின்னால் இழுத்து 0.1 நொடிக்கு நீட்டினால் 100 நியூட்டன். ஸ்லிப்பில் நிற்பவர் கையை வயிற்றோடு அணைத்து வாங்குகிறாரே, அதே வித்தை. ஒரே வித்தியாசம், ஸ்லிப்பில் நிற்பவரை அந்த நேரத்தில் யாரும் ஓடி வந்து மோதுவதில்லை.

மோதல் என்றால் எவ்வளவு? 120 கிலோ ஆள் நொடிக்கு 7 மீட்டர் ஓடினால் அவரிடம் உள்ள இயக்க ஆற்றல் 2,940 ஜூல். அதே ஆள் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது வீட்டுச் சன்ஷேடுக்கும் சற்று மேலே இருந்து, கீழே விழுவதற்குச் சமம். 0.2 நொடியில் நிறுத்தப்பட்டால் சராசரி விசை 4,200 நியூட்டன். 75 கிலோ நெல் மூட்டைகள் ஏறக்குறைய ஆறின் பாரம் அந்த நொடித்துளியில் உடம்பில் இறங்குகிறது. ஒரு பருவம் முழுக்க இதுவே.

இவ்வளவுக்கும் கூலி என்ன? இங்கேதான் ஒரு வேடிக்கை. 2013ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ஜிம்மி கிரஹாம் 16 டச் டவுன் பந்துகளைப் பிடித்தார். அந்த ஆண்டு லீகிலேயே அதிகம். ஒப்பந்தம் முடிந்ததும் அணி அவரை விட மனமில்லாமல், அவர் ஆடும் இடத்துக்கு உரிய ஓராண்டுத் தொகையைக் கொடுத்து நிறுத்தி வைக்கும் விதியைக் கையில் எடுத்தது. டைட் எண்டுக்கு 7.05 மில்லியன் டாலர். வைட் ரிசீவருக்கு 12.3 மில்லியன். ‘பாதிக்கு மேற்பட்ட நேரம் நான் சுவரை விட்டுத் தள்ளித்தானே நின்றேன், நான் ரிசீவர்’ என்று கிரஹாம் வழக்காடினார். 2014 ஜூலையில் நடுவர் சொன்ன தீர்ப்பின் சாரம்: சுவரின் கடைசி ஆளிடம் இருந்து நான்கு கெஜத்துக்குள் நின்றாலும் அவர் டைட் எண்ட்தான். நான்கு கெஜம், ஐந்து மில்லியன் டாலர். இரண்டு வேலையையும் செய்பவருக்கு, ஒரு வேலை மட்டும் செய்பவரைவிடக் குறைவான சம்பளம் என்பதை எந்த ஊர்க் கணக்குப்பிள்ளையும் எழுதக் கூசுவார்.

முழங்காலுக்கு வருவோம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கிரான்கவுஸ்கி ஒரு பந்தைப் பிடித்துத் திரும்பினார். வலது கால் தரையில் ஊன்றியிருந்தது. 90 கிலோ எடையுள்ள தடுப்பாளர் டி.ஜே. வார்ட் தாழ்வாகப் பாய்ந்து அந்த முழங்காலில் மோதினார். 120 கிலோ ஆளை நெஞ்சில் மோதி நிறுத்துவது அவருக்குக் கடினம். அது மட்டுமல்ல, தலைக்காயங்களைக் குறைப்பதற்காக மேலே அடிப்பவர்களுக்கு லீக் கடும் அபராதம் போடத் தொடங்கியிருந்தது. அதனால்தான் கீழே போனதாக வார்டே சொன்னார். தலையைக் காக்க வந்த விதி அடியை முழங்காலுக்கு இறக்கிவிட்டது.

முழங்காலின் நடுவே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி நிற்பது ஏசிஎல் என்று மருத்துவர்கள் சொல்லும் முன் சிலுவைத் தசைநார். மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். இளவயதில் அது தாங்கும் இழுவிசை 2,000 நியூட்டனுக்குச் சற்று மேல். சுமார் 200 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. மேலே மோதலுக்குப் போட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் அது ஏன் அறுந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பக்கவாட்டுத் தசைநாரும் சேர்ந்தே கிழிந்தது.

கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு பாலம் கட்டும். ஏசிஎல்லின் அறுந்த முனைகளோ மூட்டுத் திரவத்தில் மிதக்கின்றன. உறைவு நிற்பதில்லை, அதனால் பெரும்பாலும் பாலமும் கட்டப்படுவதில்லை. அதனால் உடம்பின் வேறு இடத்தில் இருந்து, பல சமயம் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் இருந்து, ஒரு பட்டையை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். வினோதம் அதற்கு அப்புறம்தான். பொருத்திய பட்டையில் இருக்கும் செல்கள் முதலில் செத்துப்போகின்றன. வெறும் கட்டடச் சாரம்போல நிற்கும் அந்த இழைகளுக்குள் புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, புதுச் செல்கள் குடியேறி, மெல்ல அதைத் தசைநாராக மாற்றுகின்றன. இடையில் சில வாரங்கள், வலி குறைந்து ஆள் தெம்பாக உணரும் அதே நேரத்தில், பட்டை ஆகப் பலவீனமாக இருக்கும். மைதானத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆவது இதனால்தான். கிரான்கவுஸ்கி சரியாக அப்படித்தான் 2014 செப்டம்பரில் திரும்பினார். அந்தப் பருவத்தில் 12 டச் டவுன்கள் பிடித்தார். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் அணி வென்றது.

முழங்காலுக்காவது இப்படி ஒரு பட்டை இருக்கிறது. மூளைக்கு இல்லை.

தலைக்கவசம் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை தாமதமாக நின்று, தாமதமாகத் திரும்புவதை அதனால் தடுக்க முடியாது. தலை சட்டென்று சுழலும்போது நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. அவற்றுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்களைப் பிடித்து நிற்கும் டாவ் என்ற புரதம் கழன்று, திரிந்து, மூளை மடிப்புகளின் ஆழத்தில் சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கட்டி கட்டியாகச் சேர்கிறது. நாள்பட்ட அடிகளால் வரும் இந்த நோய்க்கு சிடிஇ என்று பெயர். உயிரோடு இருப்பவரிடம் இதை உறுதிசெய்ய முடியாது. இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். 2017ல் வெளியான ஓர் ஆய்வில், தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110ல் இது இருந்தது. எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று படிக்கக் கூடாது. ஏற்கெனவே அறிகுறிகளைப் பார்த்துக் கலங்கிய குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுக்கின்றன.

மயங்கி விழவைக்கும் பெரிய அடி மட்டும் காரணம் இல்லை. யாரும் கவனிக்காத சின்னச் சின்ன முட்டல்களும் சேர்ந்துதான் இதைக் கொண்டுவருகின்றன. டைட் எண்டுக்கு அந்தச் சின்ன முட்டல் தினக்கூலி. 2022ல் பயிற்சி முகாம்களில் கவசத்துக்கு மேலே மாட்டும் கார்டியன் கேப் என்ற மெத்தை உறையைக் கட்டாயமாக்கியபோது லீக் யாரையெல்லாம் சேர்த்தது? இரு பக்கச் சுவர்க்காரர்கள், தடுக்கும் சுவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள், டைட் எண்டுகள். ரிசீவர்கள் அப்போது இல்லை. சம்பளத்திலும் ரிசீவர் இல்லை, தலையடியிலும் ரிசீவர் இல்லை. பந்து பிடிக்கும்போது மட்டும் ரிசீவர்.

பால்டிமோர் கோல்ட்ஸின் ஜான் மேக்கி 1960களில் இந்த இடத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்து, அணி மாறும் உரிமைக்காக லீகோடு நீதிமன்றத்தில் மோதியவர். பிற்காலத்தில் மூளைத்தேய்வு நோய் அவரைப் பிடித்தது. பராமரிப்புச் செலவு தாங்காமல் அவர் மனைவி லீகின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்துதான், இப்படிப் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களைப் பராமரிக்க ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரும் ஒரு திட்டம் 2007ல் வந்தது. அந்தத் தொகை மேக்கியின் சட்டை எண்ணில் இருந்து வந்தது: 88. அவர் 2011ல், 69 வயதில் இறந்தார்.

கிரான்கவுஸ்கி 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில், கடைசிக் கால் பகுதியில் 29 கெஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்தார். அந்த ஆட்டத்தின் ஒரே டச் டவுனுக்கு அதுதான் வழி திறந்தது. அதே ஆட்டத்தில் தொடையில் ஓர் அடி. பின்னர் அந்தத் தொடையில் இருந்து சில தடவைகளாக மொத்தம் ஒரு லிட்டர் அளவுக்கு ரத்தத்தை வெளியே எடுத்ததாக அவரே சொன்னார். மார்ச்சில், 29 வயதில், ஓய்வை அறிவித்தார். ஓய்வில் மெலிந்தும் போனார். 2020ல் டாம்பா பே அணி கூப்பிட்டதும் அவர் செய்த முதல் வேலை, இறக்கிய எடையை மறுபடியும் ஏற்றியது.