மீளுருவாக்கம்: கரைந்த என்பு திரும்ப வளர்வதற்கு ஒரு சொல்

கிளிநொச்சிப் பக்கம் வயதானவர்களிடம் பல் ஏன் ஆடுகிறது என்று கேட்டால், "முரசு கரைஞ்சு போச்சு" என்பார்கள். முரசு என்றால் எங்களுக்கு ஈறு. ஆனால் கரைவது முரசு மட்டுமல்ல, பல்லைத் தாங்கும் தாடை என்பும்தான். பல்லடியில் படியும் கிருமிகளால் மூளும் அழற்சி வருடக்கணக்கில் நீடித்து அதை அரிக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பல் ஆடிய பிறகே பலர் வைத்தியரிடம் போகிறார்கள்.

இந்த நோய்க்குப் பெரியோடொன்டைடிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'பெரி' சுற்றி, 'ஒடோன்ட்' பல், 'ஐடிஸ்' அழற்சி. பல்சூழ் அழற்சி என்றால் பொருள் சரியாக வரும். முரசு அழற்சி இதற்கு முந்திய கட்டம். சுத்தம் செய்தால் மாறிவிடும்.

இழந்த என்பைத் திரும்ப வளர்க்கும் சிகிச்சையை ரீஜெனரேஷன் என்கிறார்கள். லத்தீனில் 'ரீ' மறுபடி, 'ஜெனராரே' பிறப்பித்தல். இதற்குப் புனரமைப்பு என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அது றோட்டுக்கும் குளக்கட்டுக்கும் சரி. வெளியிலிருந்து ஆள் வந்து கட்டுவது. இங்கே உடலே வளர்க்க வேண்டும். பல்லிவால் வளர்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இழப்பு மீட்டல்' என்கின்றன. அழகான சொல். ஆனாலும் சிகிச்சையின் பெயராக 'மீளுருவாக்கம்' என்பதையே நான் எடுப்பேன்.

'மீள்' என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் என்ற சொல்லோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். காணிக்குரியவர் தன் காணிக்கே திரும்பினால்தான் அது மீள்குடியேற்றம். பல்லிலும் அப்படித்தான். வேரைச் சுத்தம் செய்ததும் முரசின் மேல்தோல் கலங்கள் முந்திக்கொண்டு இறங்கி வேரில் ஒட்டிவிடும். காயம் ஆறிவிடும், என்பு வராது. அதை வெறும் காயம் ஆறுதல் என்றுதான் சொல்ல வேண்டும். என்பு, வேரின் மேலுள்ள சீமெந்துப் படை, இரண்டையும் பிணைக்கும் நார் மூன்றும் புதிதாக வளர்ந்தால்தான் மீளுருவாக்கம்.

அதற்காக முரசுக்கும் வேருக்கும் நடுவில் ஒரு மென்சவ்வை வேலி மாதிரி வைத்து மேல்தோலை மறிக்கிறார்கள். மெல்ல வளரும் நாரின் கலங்களுக்கும் என்பின் கலங்களுக்கும் இடமும் அவகாசமும் கிடைக்கிறது. மனிதப் பல்லில் இது நடக்கும் என்று 1982இல் நீமன், லிண்டே, காரிங் உள்ளிட்டோர் காட்டினார்கள். 'வழிப்படுத்திய இழைய மீளுருவாக்கம்' என்பது இதன் முழுப்பெயர். சில இடங்களில் என்புத் துகளும், பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுக்கும் புரதமும் பயன்படுகின்றன.

எல்லாப் பல்லுக்கும் இது சரிவராது. சுவருள்ள குழியாக, செங்குத்தாகக் கரைந்த இடத்தில் என்பு நன்றாக வளரும். மட்டமாகத் தேய்ந்த இடத்தில் நம்பிக்கை குறைவு. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் பலனைக் கெடுக்கும். அதனால் எக்ஸ்ரே எடுத்த பிறகு, "என்ர என்பு குழியாவோ மட்டமாவோ கரைஞ்சிருக்கு, டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.