லேப்டாப் வாங்கியாச்சு, பாடம் எங்கே?

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் "எந்த லேப்டாப் சார் வாங்கலாம்?" என்பதுதான். கையில் இருப்பதே போதும் என்பேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் சாதாரண கணினியிலேயே ஓடும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கியது, தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அந்த எந்திரக் குரலைக் கேட்டு நமக்குத்தான் எரிச்சல் வரும், பிள்ளைகளோ வேகத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத ஓட்டத்தில் பாடத்தை முடித்துவிடுவார்கள்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பள்ளியிலிருந்து தமிழ்ப் பாடக் குறிப்பு வேர்டு கோப்பாக வருகிறது, திறந்தால் நம் கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பான் 'அம்மா' என்ற இடத்தில் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. காரணம் பாமினி எழுத்துரு. அதில் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள், மேலே தெரிவது மட்டும் தமிழ் உருவம். தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்கள் பலவற்றிலும் இதே கதைதான். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல், ஆனால் தட்டச்சுக் கடைகளிலும் வினாத்தாள் அடிக்கும் இடங்களிலும் பாமினி இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

ஆசிரியர்களே, இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி, கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வந்தால் உங்கள் மாணவர் காதில் விழுவதும் அதேதான். பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, திரும்ப அடிக்க வேண்டியதில்லை. கரும்பலகையைப் போட்டோ எடுத்து வகுப்புக் குழுவில் போடும் வழக்கம் இன்னும் மோசம். அச்சிட்ட பக்கமென்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் ஓரளவு சமாளிக்கும், அவசரக் கையெழுத்தில் அது தடுமாறும், கடைசியில் பிள்ளை அக்காவையோ அம்மாவையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் லேப்டாப் மேசைமேல் இருக்கிறது!

தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடாமல் வேர்டில் 'ஹெடிங்' என்றே குறித்தால், என்விடிஏவின் உலாவு முறையில் (விசைகள் எழுத்தை அடிக்காமல் கோப்புக்குள் நகர உதவும் முறை) எச் விசையைத் தட்டித் தட்டி நேராக அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் நாற்பது பக்கக் கோப்பில் மூன்றாம் பாடத்தைத் தேட முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

கணக்கு தனி வேதனை. சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் அங்கே ஒரு படம் இருக்கிறது என்பதோடு சரி, உள்ளே என்ன இருக்கிறதென்று வராது. வேர்டின் சமன்பாட்டு வசதியிலேயே அடியுங்கள். அதற்காக, தொட்டுக் கணக்குப் போட உதவும் டெய்லர் ஃபிரேம் பலகையையும் மணிச்சட்டமான அபாகஸையும் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள், விரலால் தொட்டுக் கணக்குப் போட்ட பிள்ளைக்குக் காதால் கேட்பதும் எளிதாகப் பிடிபடுகிறது. பிரெயிலும் அப்படித்தான், வெறுமனே காதால் கேட்டே வளரும் பிள்ளைக்கு ல, ள, ழ எழுதும்போது தடுமாற்றம் வரலாம்.

பெற்றோருக்கு ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவருக்கு 18 வயதுவரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. கருவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே, பாடக் குறிப்பும் வினாத்தாளும் யூனிகோடு கோப்பாக வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை காலாண்டுத் தேர்வுவரைகூடத் தாங்காது. நடக்கவில்லையென்றால் அந்த நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் போய்ப் பாருங்கள்.