எக்செல்லில் காணாமல் போகும் பதினாறாவது இலக்கம்

சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் என்று எக்செல்லோடு புழங்கும் அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். அங்கே அடிக்கடி கண்ணில் படும் கோளாறு ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒரு செல்லில் 9007199254740993 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 9.0072E+15 என்று தெரியும். மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள்: 9007199254740990. கடைசியில் இருந்த 3 போய் 0 வந்திருக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது. 990 முதல் 999 வரை முடியும் பத்துக் கணக்கு எண்களைத் தட்டினால், பத்தும் ஒரே எண்ணாகிவிடும். பத்துப் பேர் சம்பளம் அது!

காரணம், எண்ணைச் சேமிக்கும் முறை. எக்செல் பின்பற்றும், 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற எண் சேமிப்புத் தரப்படி ஓர் எண்ணுக்கு 64 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 64 இடங்கள். கூட்டல் கழித்தல் குறிக்கு 1, அடுக்குக்கு 11, எண்ணின் இலக்கங்களுக்கு மீதி 52. எழுதாமலே இருப்பதாகக் கொள்ளும் முதல் 1ஐயும் சேர்த்தால் 53. ஆகவே 2இன் 53ஆம் அடுக்கான 9007199254740992 வரை ஒவ்வொரு முழு எண்ணுக்கும் தனி இடம் உண்டு. அதைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. 54ஆம் அடுக்கையும் தாண்டினால் நான்கின் மடங்குகள் மட்டுமே மிஞ்சும். 16 இலக்க எண்களில் சில இந்த எல்லைக்குள்ளும் சில வெளியிலும் விழுவதால், எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 12 இலக்க ஆதார் எண் அதனால்தான் தப்பிக்கிறது.

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே எல்லைதான். 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்கள் 53 பிட்டைத் தாண்டும் நிலை வந்தபோது, அவற்றை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது.

இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுபடுகிறதா என்று பார்த்துப் பிழையைப் பிடிக்கலாமே என்பார்கள். நம் எண்ணின் கூட்டுத்தொகை 78, மூன்றால் வகுபடும். கெட்டுப்போன எண்ணுக்கு 75, அதுவும் வகுபடும்! இப்படி எண்ணில் நேரும் பிழைகளைப் பிடிக்கத்தான் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்கிக் கூட்டும் முறையை வகுத்தார். ஓர் இலக்கம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் அப்படிப்பட்ட சோதனை இலக்கம். வங்கிக் கணக்கு எண்ணில் அதை நம்பி உட்கார முடியாது.

எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். ஓரிரு எண்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலே போதும். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, கணக்கு எண் இருக்கும் நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் என்று தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே எக்செல்லில் சேமித்த பட்டியல் கையில் இருந்தால், சுழியத்தில் முடியும் 16 இலக்க எண்களை மட்டும் வடிகட்டி, பாஸ்புக்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு வங்கிக்கு அனுப்புங்கள்.