வால்ட்: நிலவறை அல்ல, வளைகூரை

வங்கியின் காப்பறைக்கும், பாழடைந்த துறவியர் மடத்தின் கற்கூரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: ‘வால்ட்’. லத்தீனில் ‘வோல்வெரே’ என்றால் உருட்டு, சுழற்று. அந்த வேரில் பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் அது வளைந்த கூரையைத்தான் குறித்தது. அப்படிக் கூரையிட்ட அடித்தள அறைகளில் பொருளைப் பூட்டி வைத்ததால், பிறகு அறைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே கட்டடக்கலை பற்றி எழுதும்போது ‘நிலவறை’ என்று போடுவது பிழை. ‘கவிமாடம்’ குடைபோல் கவிந்த டோமுக்குப் பொருந்தும். வளைகூரை என்பதே சரி.

இதில் எளியது, கூண்டு வண்டியின் மேற்கூரைபோல் நீளமாக ஓடுவது. மாமல்லபுரத்து பீமரதத்தின் உச்சிக்கும் அதே உருவம்தான். ஆனால் அது ஒரே பாறையில் செதுக்கியது. கல்லோடு கல் முட்டி நிற்பதுதான் உண்மையான வளைகூரை.

அடுத்தது விலா வளைகூரை: விலா எலும்புபோல் வளைந்த கல்வரிகள் தாங்குவது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1132-இல் தொடங்கி 1539-இல் மூடப்பட்ட ஃபவுண்டன்ஸ் மடத்தின் சரக்கறையில் அது இன்றும் முழுசாக நிற்கிறது. நீளம் சுமார் 90 மீட்டர். பாலத்துக்குச் சொல்வதுபோல் சொன்னால் 22 கண்.

கட்டும் முறை இது. மரத்தில் சென்டரிங் அடித்து, அதன்மேல் விலாக் கற்களை இருபுறமிருந்தும் ஏற்றி, உச்சியில் சாவிக்கல்லால் பூட்டுவார்கள். பிறகு விலாக்களுக்கு இடையே மெல்லிய கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து மூடுவார்கள். சாந்து இறுகுமுன் சென்டரிங்கைப் பிரித்தால் உச்சி இறங்கிவிடும். தூணுக்கு மேலே வளைவின் முதுகில் உண்டாகும் பள்ளத்தில் உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்பாவிட்டால், உச்சியின் பாரத்தில் வளைவின் இடுப்பு பிதுங்கும். கூரை எந்நேரமும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிரே நிற்பது உதைசுவர்.

மடங்கள் மூடப்பட்டபோது, வளைகூரைக்கு மேலே இருந்த வெளிக்கூரையின் ஈயத் தகடுகளை உரித்து எடுத்தார்கள். மழைநீர் இறங்கிச் சாந்தை அரித்தது. பனிக்காலத்தில் அதே நீர் உறைந்து, விரிந்து, இணைப்புகளைப் பிளந்தது. விலா உடைந்தால் அது தாங்கிய இடைக்கற்களும் விழும்.

ஆனால் தொடக்கக்கற்கள் விழுவதில்லை. விலா புறப்படும் இடத்தில் முதல் சில வரிசைகளைச் சாய்க்காமல் படுக்கையாக வைத்து, வால்பகுதியைச் சுவருக்குள் செருகியிருப்பார்கள். அவை சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அதனால்தான் கூரையற்ற மடத்தின் சுவரில் விசிறிக் காம்புபோல் கல்முளைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த முளையின் வளைவை அளந்தால் விலாவின் ஆரம் கிடைக்கும். ஆரம் கிடைத்தால், விழுந்துபோன கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று வரைந்துவிடலாம்.